கண்மாய்ப் பாசனத்தில் நிலம் இல்லாதவர் வழக்குப் போடலாமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்துக்காரன் நான். எங்கள் ஊர்க் கண்மாயின் உட்பகுதியில் லாரி லாரியாக மண் கொட்டி மனைக்கல் ஊன்றுகிறார்கள். கேட்டால் "பட்டா இருக்கு, பத்து வருஷமா தண்ணியே நிக்கலையே" என்கிறார்கள். எனக்கு ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில், ஒரு சென்ட்கூட இல்லை. நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். கண்மாய் என்பது பாசனக்காரர்களின் தனிச்சொத்து இல்லை, ஊர்க் கிணறுகளில் ஊற்று இருப்பதே அதனால்தான். இந்த மாதிரி வளங்களுக்கு அரசே வெறும் அறங்காவலர்தான் என்று 1996ல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அறங்காவல் இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீர் நிற்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குளம் என்று பதிவான நிலத்தை வீட்டுமனையாக ஒதுக்கியதை 2001ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில், குளத்தை மூடி வீடு கட்டியவர்கள் எவ்வளவு செலவழித்திருந்தாலும் வெளியேறத்தான் வேண்டும், அரசு அவர்களிடம் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டது.

சரி, பட்டா? முதலில் அ-பதிவேட்டின் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் உரிமையாளரும் இருக்கும் கிராமப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். அதோடு நிற்காமல் தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்கள், ஏனென்றால் புதிய பதிவேட்டில் தனியார் பெயரில் இருக்கும் அதே சர்வே எண் பழையதில் கண்மாய்ப் புறம்போக்கு என்று இருந்தால் வழக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. (எதிர்காலத்தை நினைத்தால் இது பெரிய ஓட்டை, நம் ஊர்ப் பறவைகளும் மீன்களும் கண்மாயை நம்பித்தானே இருக்கின்றன.) ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள கண்மாய் என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அசையவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல மனு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு, தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதனால் இன்றைக்கே போய், தேதி விழும்படி, லாரியும் மனைக்கல்லும் கண்மாய்க் கரையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள்.