ஃபேர்ஃபோர்ட் மேற்கு ஜன்னல்: மேல் பாதி மட்டும் ஏன் புதுசாகத் தெரிகிறது?

இங்கிலாந்தின் ஃபேர்ஃபோர்ட் ஊர்த் தேவாலயத்தில், இறுதித் தீர்ப்பைக் காட்டும் மேற்கு வண்ணக்கண்ணாடி ஜன்னல் முழுக்கப் பின்னாளில் செய்த நகலா என்று கேட்டிருந்தீர்கள். முழு ஜன்னலும் நகல் இல்லை. நீங்கள் சந்தேகப்பட்ட மேல் பாதி (கிறிஸ்து அமர்ந்திருக்கும் பகுதி) பெரும்பாலும் 1860களில் மாற்றப்பட்டது. கீழே புனித மிக்கேல் ஆன்மாக்களை எடை போடுவதும், ஒரு பேய் ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதும் அசல், 1500களின் தொடக்கத்தில் செய்தது.

காரணம் 1703 நவம்பர் பெரும்புயல். மேற்குப் பக்கம் நேராக அடி வாங்கியது. பிறகு விக்டோரியா காலத்தில் சரிசெய்தவர்கள், பழைய துண்டுகளைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, பார்த்து வரைந்து புதுக் கண்ணாடியைப் பதித்துவிட்டார்கள். கம்பளி வியாபாரி ஜான் டேம் தொடங்கி மகன் எட்மண்ட் முடித்த கோயில் அது, 28 ஜன்னல்களிலும் இடைக்காலக் கண்ணாடி தங்கியிருப்பது இங்கிலாந்தின் ஊர்க்கோயில்களில் வேறெங்கும் இல்லை, அதில் போய் இப்படிக் கை வைத்ததுதான் எனக்குக் கடுப்பு.

அடுத்த முறை போனால் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். முகங்களைப் பாருங்கள்: பழையதில் வரைந்த பழுப்புக் கோடு அங்கங்கே தேய்ந்திருக்கும், கண்ணாடியிலும் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும். புதியது வழவழவென்று, கோடெல்லாம் ஒரே சீராக இருக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சுத்தம் செய்த பழைய சிவப்பு புதியதைவிடப் பளிச்சென்று தெரியும். கீழ்ப்பாதியிலும் ஒட்டுவேலை உண்டு, அதனால் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும்.