வீட்டுப் பத்திரங்களை இலவசமாக இணையத்தில் வைத்து ஒழுங்குபடுத்தலாமா?

பத்திரம், சான்றிதழ், ரசீது, குடும்பப் படங்கள் ஆகியவற்றைக் கட்டணம் செலுத்தாமல் இணையத்தில் சேமிக்க முடியுமா, அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தாள்களை கூகுளின் இணையச் சேமிப்பிடமான கூகுள் டிரைவில் வைத்திருக்கிறேன். வேண்டிய நேரத்தில் தேடி எடுப்பதற்கு அது மிகவும் வசதியானது. ஆனால் இருக்கும் ஒரே பிரதியை அங்கே போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் உரியதன்று. ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதே இடத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல், அளவு சுருக்கி ஏற்றும் படங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டதால், நான்கைந்து கல்யாண வீடியோக்களை ஏற்றினாலே இடம் நிரம்பிவிடலாம். நிரம்பியபின் புதிய கோப்புகளை ஏற்ற முடியாது என்பதோடு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். தாள்களுக்கு மட்டும் என்றால் இந்த இடம் தாராளம். நான் ஸ்கேன் செய்த பக்கங்களில் பெரும்பாலானவை ஒரு எம்பிக்குள் அடங்கிவிட்டன. வீடியோக்களுக்கு ஹார்ட் டிஸ்க்தான்.

ஒழுங்கு என்பது கோப்புக்கு இடும் பெயரில் இருக்கிறது. தொடக்கத்தில் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிவைத்தேன். ஒருநாள் வங்கியில் மேலாளர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, வில்லங்கச் சான்றிதழை 'நிலம்' என்பதில் போட்டேனா, 'அப்பா' என்பதில் போட்டேனா, 'கடன்' என்பதில் போட்டேனா என்று தெரியாமல் கால் மணி நேரம் விழித்தேன். இப்போது நான்கே கோப்புறைகள். ஒவ்வொரு கோப்பும் '2009-06-18 கிரயப் பத்திரம் அப்பா' என்பதுபோல் தேதியில் தொடங்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்தை கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தந்துவிடும் என்பதும் பயனுள்ள வசதியே. பழைய முத்திரைத்தாளில் கையால் எழுதியவற்றுக்கு மட்டும் அதை நம்பிப் பயனில்லை.

2015-இல் தொடங்கிய, ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொள்வதற்கான அரசின் டிஜிலாக்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் நாமே ஸ்கேன் செய்து ஏற்றும் கோப்பு வெறும் நகல்தான். ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேரடியாகப் பெற்றால், அவை சட்டப்படி அசலுக்குச் சமமாகக் கருதப்படும். பலர் இந்த வேறுபாட்டை அறியாமல் புகைப்படம் எடுத்து ஏற்றிவிட்டு, வாகனச் சோதனையில் அதையே நீட்டுகிறார்கள்.

இனி, நான் பட்ட பாடு. மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று ஒரு கோப்புறையை அழித்தேன். இணையத்தில்தான் இருக்கிறதே என்று எண்ணம். அந்தக் கோப்புறை டிரைவுடன் ஒத்திசைவில், அதாவது ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்ற இடங்களிலும் தானாக நடக்கும்படி, இருந்ததால் இணையத்திலும் அழிந்தது, தொலைபேசியிலும் காணாமல் போயிற்று. குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். இருபத்தைந்தாம் நாள் அக்கா வீட்டுவரி ரசீதைக் கேட்டதால் தப்பித்தேன். அதன்பின், பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் முந்தைய வாரத்தில், நம் கோப்புகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் வழியாக எல்லாவற்றையும் இறக்கித் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுகிறேன்.

கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால், கணக்கையே உள்ளடக்கத்தோடு நீக்கிவிடும் உரிமையை கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது. வயதான பெற்றோர் பெயரில் கணக்கு தொடங்கி அதில் ஆவணங்களை ஏற்றியிருப்போர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில், நாம் சொல்லும் காலம்வரை கணக்கு பயன்படுத்தப்படாவிட்டால் யாருக்குத் தகவலும் கோப்புகளும் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கலாம். நான் அக்காவின் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த அன்றே அவரிடம் சொல்லியும்விட்டேன், இல்லையென்றால் திடீரென்று வரும் அந்த மின்னஞ்சலை மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்.