நான்கு எழுத்துக்கும் ஒரே நொதி: ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் பற்றிக் கேள்வி பதில்

ஆர்.என்.ஏ.வுக்கான நியூக்ளியோடைடை (அதைக் கட்டும் அலகை) டி.என்.ஏ.வுக்கு ஏற்றதாக மாற்றுவது ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ். இந்த நொதியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்கள் நீளம் என்பதால், டி.என்.ஏ.வுக்குள் போகும், மூன்று பாஸ்பேட் கொண்ட நான்கு நியூக்ளியோடைடுகளை டீஆக்சி-ஏ, டீஆக்சி-ஜி, டீஆக்சி-சி, டீஆக்சி-டி (முறையே அடினோசின், குவனோசின், சைட்டிடின், தைமிடின் வகை) என்று சுருக்கிக்கொள்கிறேன்.

ஒரு ஆக்சிஜனை எடுப்பதுதானே வேலை? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய நொதி? (இளங்கலை மாணவி)

அந்த ஒரு ஆக்சிஜனை எடுப்பதுதான் கடினம். ரைபோஸின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி லேசில் கழன்று வராது. அதனால் நொதி சுற்றுவழியில் போகிறது. வினைமையத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று, தனி உறுப்பாக (ஜோடி இல்லாத எலெக்ட்ரான் கொண்ட, தீவிரமாக வினைபுரியும் வடிவமாக) மாறி, பக்கத்து மூன்றாம் கார்பனின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அப்புறம்தான் இரண்டாம் கார்பனின் ஹைட்ராக்சில் நீராக வெளியேறுகிறது. வேலை முடிந்ததும், பறித்த ஹைட்ரஜன் மூன்றாம் கார்பனுக்கே திரும்பக் கிடைக்கிறது. இதற்கான எலெக்ட்ரான்களை வேறு இரண்டு சிஸ்டீன்கள் தருகின்றன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது தயோரெடாக்சின் என்ற சிறு புரதம். 1964இல் ஸ்வீடனில் பீட்டர் ரைக்கார்டின் குழு அதைக் கண்டுபிடித்ததே இந்த நொதியை ஆராயும்போதுதான்.

அமைப்பைக் கொஞ்சம் விளக்குங்கள். ஆல்பா, பீட்டா என்று இரண்டு துணை அலகுகள் எதற்கு? (முதுகலை மாணவர்)

ஆல்பாவில் வினைமையமும் கட்டுப்பாட்டு இடங்களும் இருக்கின்றன. பீட்டாவில் இரும்பு அணுக்களும், அவற்றின் அருகே டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு தனி உறுப்பும் இருக்கின்றன. வேலை செய்யும் வடிவத்தில் இரண்டு ஆல்பாவும் இரண்டு பீட்டாவும் சேர்ந்திருக்கும்.

என்னை இன்றும் வியக்க வைப்பது இவற்றுக்கு நடுவே உள்ள தூரம். ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நொதியில் தனி உறுப்பு பிறப்பது பீட்டாவின் 122ஆம் டைரோசினில். அது தேவைப்படுவதோ ஆல்பாவின் 439ஆம் சிஸ்டீனில். இடையில் ஏறத்தாழ 35 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). புரதத்துக்குள் எலெக்ட்ரான் ஒரே தாவலில் கடக்கக்கூடிய தூரம் இல்லை இது. வழியில் இருக்கும் டைரோசின்கள் அதைக் கைமாற்றி அனுப்புகின்றன, பீட்டாவின் 356, ஆல்பாவின் 731, 730 என்று. வேதியியலாளர் ஜோஆன் ஸ்டப்பி தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இந்த வழியைத் துலக்குவதற்கே கொடுத்தார். ஆல்பாவும் பீட்டாவும் சரியாகப் பொருந்தி நின்றால்தான் இந்த வழி திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கட்டுப்பாடு முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

நான்கு வகை மூலப்பொருளுக்கும் வினைமையம் ஒன்றே என்றால், எதை எப்போது மாற்ற வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? (பள்ளி ஆசிரியர்)

அருமையான கேள்வி. ஆல்பாவில் இரண்டு தனித்தனிக் கட்டுப்பாட்டு இடங்கள் உண்டு. ஒன்று 'வேலை செய்யலாமா, நிறுத்தலாமா' என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றது 'எதைச் செய்வது' என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அங்கே ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு, டீஆக்சி-ஏவின் ஆர்.என்.ஏ. வடிவம்) அல்லது டீஆக்சி-ஏ உட்கார்ந்தால், சைட்டிடின், யூரிடின் வகைகள் மாற்றப்படும். அந்த யூரிடினிலிருந்துதான் பின்னர் டீஆக்சி-டி உருவாகிறது. டீஆக்சி-டி சேர்ந்ததும் அதே இடத்தில் வந்து உட்காரும். உடனே நொதி குவனோசின் பக்கம் திரும்பும். டீஆக்சி-ஜி சேர்ந்தால் அடினோசின் பக்கம் திரும்பும். அதாவது, ஒன்றின் விளைபொருள் அடுத்ததைத் தொடங்கி வைக்கிறது.

இந்த இடம் இரண்டு ஆல்பாக்கள் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது, வினைமையத்திலிருந்து சுமார் 15 ஆங்ஸ்ட்ராம் தள்ளி. நடுவே வளைந்து நெளியக்கூடிய ஒரு சிறு கண்ணி உண்டு. இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வடிவம் மாறி, அந்தப் பக்கம் எந்தக் காரம் (நியூக்ளியோடைடின் எழுத்தைத் தீர்மானிக்கும் பகுதி) பொருந்தும் என்பதை மாற்றுகிறது.

டீஆக்சி-ஏ ஊக்கியா, தடுப்பானா? நான் படித்த இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

இரண்டும் சரி. இரண்டு இடங்களிலும் அது ஒட்டும், ஆனால் ஒரே பலத்தில் இல்லை. குறைந்த அளவில் இருக்கும்போது 'எதை' என்ற இடத்தில் மட்டும் ஒட்டி வேலையைத் தூண்டும். அளவு கூடினால் மற்ற இடத்துக்கும் போய், அங்கே இருந்து 'ஓடு' என்று சொல்லும் ஏடிபியை வெளியேற்றி, நொதியையே நிறுத்திவிடும். ஏடிபிக்கும் டீஆக்சி-ஏவுக்கும் இடையில் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன். அதை வைத்தே நொதி 'ஓடு', 'நில்' இரண்டையும் பிரித்தறிகிறது.

நிறுத்துவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? (அதே நபர்)

ஈ.கோலையில் நான்கு ஆல்பாவும் நான்கு பீட்டாவும் மாறிமாறிக் கோத்து ஒரு வளையமாகிவிடுகின்றன. ஆல்பாவும் பீட்டாவும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், ஆனால் தவறான இடத்தில். தனி உறுப்பு கடந்துபோக வழியில்லை. மனித நொதியில் ஆறு ஆல்பாக்கள் வளையமாகின்றன. பீட்டா சரியாகப் பொருந்த முடிவதில்லை. முறை வேறு, பலன் ஒன்றே.

எங்கள் பாடத்தில் அஸ்பார்டேட் டிரான்ஸ்கார்பமாயிலேஸ்தான் உதாரணம். அதுவும் இப்படித்தானா? (இளங்கலை மாணவர்)

அதுவும் நல்ல உதாரணம்தான். சைட்டிடின், யூரிடின் போன்ற பிரிமிடின் வகைகளை உருவாக்கும் பாதையில் உள்ள நொதி அது. 12 புரதச் சங்கிலிகள், அவற்றில் 6 வினைக்கு, 6 கட்டுப்பாட்டுக்கு. இறுதி விளைபொருளான சிடிபி (மூன்று பாஸ்பேட் கொண்ட சைட்டிடின்) தடுக்கிறது, ஏடிபி தூண்டுகிறது. ஆனால் அங்கே கேள்வி 'எவ்வளவு' என்பது மட்டும்தான், 'எதை' என்பது இல்லை.

செல்களை ஒரே கட்டத்தில் நிறுத்தத் தைமிடின் சேர்க்கிறோம். டி.என்.ஏ.வுக்குத் தேவையான பொருளைக் கூடுதலாகக் கொடுத்தால் அதன் பிரதியெடுப்பு ஏன் நிற்கிறது? (ஆய்வக உதவியாளர்)

மேலே சொன்ன கட்டுப்பாட்டை நீங்கள் தினமும் கையால் இயக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! தைமிடினைக் கொட்டினால் டீஆக்சி-டி ஏறும். நொதியோ பிரிமிடின் போதும் என்று கணக்குப் போட்டு, சைட்டிடினை மாற்றுவதைக் குறைக்கும். டீஆக்சி-சி வற்றும், டி.என்.ஏ. பிரதியெடுப்பு பாதியில் நிற்கும். தைமிடினைக் கழுவிவிட்டால் எல்லாச் செல்களும் சேர்ந்து புறப்படும். நான்கில் மூன்று நிறைய இருந்தும் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியின் குறைபாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (மருத்துவ மாணவி)

உண்டு. அந்த நொதி இல்லாத குழந்தைகளின் லிம்போசைட்டுகளில் (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில்) டீஆக்சி-ஏ குவிகிறது. ரிடக்டேஸ் நின்றுபோக, பெருக வேண்டிய செல்கள் பெருக முடியாமல் மடிகின்றன, நோய் எதிர்ப்பே இல்லாமல் போகிறது. செல்கள் அழிய வேறு காரணங்களும் சேர்கின்றன, ஆனால் இது முக்கியமான ஒன்று. 1990இல் மரபணு சிகிச்சை முதன்முதலில் அங்கீகாரத்தோடு முயலப்பட்டது இந்த நோய்க்குத்தான்.

மருந்துகள் இதை எங்கே தாக்குகின்றன? (மருந்தியல் மாணவர்)

ஒவ்வொன்றும் ஒவ்வோரிடம். ஹைட்ராக்சியூரியா பீட்டாவின் டைரோசின் தனி உறுப்பை அணைக்கிறது. ஜெம்சிடபின் நியூக்ளியோடைடு வேடத்தில் வினைமையத்துக்குள் போய் அதைக் கெடுக்கிறது. மேலே சொன்ன அலோஸ்டெரிக் கட்டுப்பாட்டை (வினைமையத்துக்கு வெளியே ஒட்டி நொதியை மாற்றும் முறையை) பயன்படுத்துவது குளோஃபாரபின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் தரப்படும் இது, செல்லுக்குள் பாஸ்பேட் ஏறியபின் டீஆக்சி-ஏவைப் போல நடந்துகொண்டு, ஆறு ஆல்பா வளையத்தை உருவாக்கி நொதியை முடக்குகிறது.