நடக்கிறவரை இருத்தப் பார்க்காதீர்கள்

வணக்கம் ஐயா,

அம்பாறை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மனநல வாட்டில் தாதியாக இருக்கிறேன். போன கிழமை ஆண் நோயாளி ஒருவர் என் கன்னத்தில் அறைந்துவிட்டார். வந்த அன்று கத்திக் குழப்பியவர், ஊசிக்குப் பிறகு அடங்கியிருந்தார். மூன்றாம் நாள் காலையிலிருந்து கட்டிலுக்கும் கேற்றுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். 'இருங்கோ, இருங்கோ' என்று நாலைந்து தரம் சொன்னேன். கேட்கவில்லை. கையைப் பிடித்து இருத்தப் போனபோதுதான் அடித்தார். அவருடைய குணமே அப்படித்தானாம். மேலே உள்ளவர்கள் 'இந்த வாட்டில் இதெல்லாம் சகஜம்' என்று சொல்லிவிட்டார்கள். நான் பொலிசுக்குப் போவதா, இடமாற்றம் கேட்பதா?

கல்முனைப் பக்கத்து வாசகி

அன்பு மகள்,

முதலில் உங்கள் காதைக் காட்டுங்கள். கன்னத்தில் விழும் அறை செவிப்பறையைக் கிழிக்கக்கூடும். காது அடைத்தாலோ இரைந்தாலோ ஈ.என்.டி. கிளினிக்குக்குப் போகத் தாமதிக்க வேண்டாம். சம்பவ அறிக்கை எழுதி ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். சகஜம் என்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டும். அடி வாங்குவது தாதியின் வேலையில் சேர்ந்ததல்ல. பொலிசும் இடமாற்றமும் உங்கள் உரிமை. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மூன்றாம் நாள் நடையைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்சக் காலமாகவே நினைத்திருந்தேன். ஊசி போட்டது தெரியும், நடந்தது தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'குணம்' என்று எழுதிவிட்டீர்களே! படித்த பிள்ளை நீங்கள். கோபம்தான் வருகிறது.

குழப்பத்தை அடக்கப் போடும் ஹலோபெரிடோல் போன்ற மருந்து தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ, சில மணித்தியாலத்திலிருந்து சில நாட்களுக்குள் அகதீசியா என்ற பக்கவிளைவு வரலாம். ஆளால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. இருந்தால் காலை மாற்றி மாற்றிப் போடுவார், நின்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே நிற்பார். உள்ளுக்குள் ஏதோ குடைந்துகொண்டிருக்கும்; நடந்தால் கொஞ்சம் ஆறும். அந்தக் கொஞ்ச ஆறுதலையும் நிறுத்தத்தான் நீங்கள் கையைப் பிடித்தீர்கள்.

அடுத்த பிழை இதைவிடப் பெரிது. 'திரும்பக் குழப்பம்' என்று, தேவைப்பட்டால் போடச் சொல்லி எழுதிவைத்த எஸ்.ஓ.எஸ். ஊசி இன்னும் 5 மில்லிகிராம் ஏறும். ஆள் தூங்குவார், எழும்பியதும் முன்னையைவிட வேகமாக நடப்பார், திரும்ப ஊசி. இந்தச் சுற்றில் அகப்பட்டவர்கள் அடிக்கவும் செய்யலாம், தங்களையே மாய்த்துக்கொள்ளவும் பார்க்கலாம்.

புரோமெதசீனும் சேர்த்துத்தானே போட்டோம் என்பீர்கள். நல்லது, அது ஹலோபெரிடோலால் வரும் கழுத்து இழுப்பைத் தடுக்கும். ரியோ டி ஜெனீரோவில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், ஹலோபெரிடோலைத் தனியாகப் போட்டவர்களுக்குத்தான் இழுப்பு வந்தது. ஆனால் அதை நம்பி அகதீசியா வராது என்று இருக்க வேண்டாம். பென்ஸ்ஹெக்சோல் மாத்திரையும் அப்படித்தான்: இழுப்புக்கும் நடுக்கத்துக்கும் உதவும், இந்த நடைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. அகதீசியாவை அளக்கப் பார்ன்ஸ் என்பவர் 1989இல் தந்த அளவுகோல் இருக்கிறது. ஆளைக் கதிரையில் இருத்தி ஊர்க்கதை பேசிக்கொண்டு 2 நிமிடம் காலைப் பாருங்கள், பிறகு நிற்க வைத்து 2 நிமிடம் பாருங்கள். இருக்கச் சம்மதிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், அதுவே பாதி விடை. பிறகு கேளுங்கள்: 'கால் நடக்கச் சொல்லுதா, இல்லாட்டி ஆராவது சொல்லி நடக்கிறீங்களா?' குரல் சொல்லி நடக்கிறவர் பயத்தைப் பற்றி, எதிரியைப் பற்றிப் பேசுவார். அகதீசியாக்காரர் பெரும்பாலும் 'இருக்கேலாம இருக்கு மிஸ்' என்பார். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, விட்டு இரண்டாம், மூன்றாம் நாள் வியர்த்து நடுங்கி, சுவரில் பூச்சி ஊருது என்றால் அது வேறு வருத்தம். அதற்கு டயசிபாமும் தயமினும் வேண்டும், உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

நடக்கிறவரை நடக்க விடுங்கள். ஈரத் தரையைத் துடைத்து, வழியிலிருக்கும் ஸ்டூலை எடுத்துவிடுங்கள். பேச வேண்டுமென்றால் பக்கவாட்டில் இரண்டு கை தூரம் விட்டுக் கூடவே நடந்து பேசுங்கள். ஒருவர் மட்டும் பேசினால் போதும். அவருக்கும் கேற்றுக்கும் நடுவில் நிற்க வேண்டாம், பின்னாலிருந்து தொடவே வேண்டாம். அடையாள அட்டை நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் வையுங்கள்.

நோயாளியின் குறிப்பேடான டிக்கெட்டில் 'ரெஸ்ட்லெஸ்' (அமைதியில்லை) என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போகிற பழக்கத்தை விடுங்கள். அதைப் படித்த இரவு டொக்டர் ஊசிதான் எழுதுவார், வேறென்ன செய்வார்? 'நேற்று இரவு 8க்கு ஹலோபெரிடோல் 5 மி.கி. ஊசி, இன்று காலை 6இலிருந்து நடை, 2 நிமிடம் இருக்க முடியவில்லை, குரல் கேட்கவில்லை என்கிறார்' என்று மருந்தையும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அப்போதுதான் அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ, அகதீசியாவைத் தணிக்கும் புரோப்ரனொலோல் தொடங்கவோ அவருக்குத் தோன்றும். புரோப்ரனொலோல் எழுதினால் ஆஸ்துமா உண்டா என்று வீட்டாரிடமும் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் நாடித்துடிப்பையும் பிரஷரையும் பாருங்கள்.

உங்களை அடித்தவர் இன்னும் வாட்டில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த டியூட்டியில் முதல் வேலையாக அவருடைய மருந்துச் சீட்டை எடுத்து, அந்த மூன்று நாளில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தால், வாட் ரவுண்டில் கன்சல்டன்டிடம் அந்தக் கணக்கை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சிஸ்டர் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.