அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி

அண்ணா, வணக்கம். போன மாசம் 'கும்பளங்கி நைட்ஸ்', 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' ரெண்டும் அடுத்தடுத்து பார்த்தேன். வீடு, அடுக்களை, எச்சில் மேஜை எல்லாம் அப்படியே இருக்கு. மலையாளிகளுக்கு மட்டும் இந்த ரசனை எப்படி பிறவியிலேயே வருது? படிப்பறிவு ஜாஸ்திங்கறதாலயா? நம்ம டைரக்டர்களுக்கு ஏன் தைரியம் இல்ல? பழைய மலையாளப் படங்கள்ல எதுல ஆரம்பிக்கலாம்னும் சொல்லுங்க.

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தம்பி,

எச்சில் மேஜையைக் கவனிச்சிருக்கீங்க, அதுக்காகவே பதில் எழுதணும்னு தோணுச்சு. ஆனா "பிறவியிலேயே"னு ஒரு வார்த்தை போட்டீங்க பாருங்க, அங்கதான் கோவம் வந்துருச்சு. மலையாளத்தோட முதல் படம் 'விகதகுமாரன்' திருவனந்தபுரத்துல ஓடுனப்போ, பி.கே. ரோஸிங்கற தலித் பொண்ணு நாயர் பொண்ணா நடிச்சுட்டாங்கன்னு திரை மேல கல்லெறிஞ்சது எந்த ஊர் ஜனம்? அந்தம்மா தப்பிச்சு நாகர்கோவில் பக்கம் வந்தவங்க, அப்புறம் சினிமா பக்கமே திரும்பல. படம் எடுத்த ஜே.சி. டேனியல் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர், அவரும் அந்த ஒரு படத்தோட சரி. முதல் ஹீரோயினை அடிச்சு விரட்டின ஊர்ல பிறவி ரசனையாம். இனிமே இப்படி எழுதாதீங்க.

படிப்பறிவு கதையும் வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறது வேற, பத்து பேர் கூடி உக்காந்து படிச்சுட்டு சண்டை போடறது வேற. 1945ல பி.என். பணிக்கர் 47 கிராம வாசகசாலைகளை ஒண்ணு சேர்த்து சங்கம் ஆரம்பிச்சார், அது ஊர் ஊரா பரவுச்சு. 1965ல, பின்னாடி பெரிய டைரக்டரான அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் நல்ல படங்களைக் கூடி உக்காந்து பார்க்கறதுக்கு 'சித்ரலேகா'னு ஒரு ஃபிலிம் சொசைட்டி தொடங்கினாங்க, ஆனா அடூரோட முதல் படம் வந்தது 1972ல. ஏழு வருஷம் தம்பி! முதல்ல பார்க்குறவங்க, அப்புறம்தான் படம்.

நான் இதை நேர்ல பார்த்தவன். 1983ல காலேஜ் லீவுக்கு தலச்சேரில மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ராத்திரி வாசகசாலை முற்றத்துல வேட்டியை இழுத்துக் கட்டி 16 எம்.எம். புரொஜெக்டர்ல 'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்டாங்க, சைக்கிளைப் பறிகொடுத்த ஒரு ஏழையோட கதை, இத்தாலியப் படம். ஒவ்வொரு ரீல் மாத்தறப்பவும் லைட்டைப் போடுவாங்க, அந்த வெளிச்சத்துல பக்கத்துல இருந்த பெரியவர் கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை, கட்டைவிரல் நகம் தேய்ஞ்சு போயிருந்துச்சு. பீடி சுத்தறவர். அந்தப் பக்கம் பீடிக் கம்பெனில எல்லாரும் சுத்திட்டிருக்கறப்போ ஒருத்தர் பேப்பரும் நாவலும் சத்தமா வாசிச்சுக்கிட்டே இருப்பார், கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அது. படம் முடிஞ்சு கட்டன் சாயா வந்ததும் அவர் எந்திரிச்சு, "சைக்கிளைத் திருடுனான்ல, அவன் அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இருந்துச்சா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான், யாரும் வீட்டுக்குப் போகல, சைக்கிளைத் தொலைச்சவன் பக்கம் பாதிப்பேர், திருடன் பக்கம் பாதிப்பேர்னு பன்னெண்டு மணி வரைக்கும் சத்தம், மாமா செருப்பைக் கைல எடுத்துக்கிட்டு கத்திட்டு நிக்கறார். அந்தப் பெரியவர் முன்னாடி ஒரு டைரக்டர் பொய்யான அடுக்களையைக் காட்டிட முடியுமா?

டைரக்டர் தைரியம்னு கேட்டீங்களே, மலையாள டைரக்டர் ஜான் ஆபிரகாமை எடுத்துக்கோங்க. 1977ல தமிழ்ல 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார், தேசிய விருது கிடைச்சுது, ஆனா நம்ம ஜனங்க எத்தனை பேர் பார்த்தோம்? அதே மனுஷன் கேரளத்துல ஒடேசானு ஒரு குழுவோட சேர்ந்து ஊர் ஊராப் போய் படம் போட்டுக் காட்டி, ஜனங்க கிட்டயே காசு வசூல் பண்ணி 1986ல 'அம்மா அறியான்' எடுத்தார், அதையும் ஊர் ஊரா கொண்டுபோய்க் காட்டினாங்க. ஆள் ஒருத்தர்தான், தைரியமும் அதே தைரியம்தான். காசு கொடுக்கற கை அங்க இருந்துச்சு, நம்ம கிட்ட இல்ல. இதைச் சொன்னா நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்காது, தயாரிப்பாளரைத் திட்டறது சுலபமா இருக்கு.

நீங்க ரெண்டு படத்தையும் ஹெட்ஃபோன் மாட்டிட்டு தனியாத்தானே பார்த்தீங்க?

பழைய படம் கேட்டீங்களே, அடூரோட 'எலிப்பத்தாயம்' பாருங்க, 1981. வீட்ல அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரையும் உக்கார வைங்க, முடிஞ்சதும் டிவியை ஆஃப் பண்ணிட்டு டீ போடுங்க. எலிப்பொறியைக் கொண்டுபோய் குளத்துல முக்கற அந்தக் கடைசித் தங்கச்சியைப் பத்தி உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.