சின்ன மில்லிங் மெஷினுக்கு எந்தக் கட்டர் வாங்குவது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணே, மேசை மேல் வைக்கிற சின்ன மில்லிங் மெஷின் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 500 வாட் மோட்டார், எம்.டி.3 ஸ்பிண்டில் (மோர்ஸ் டேப்பர் 3 என்கிற கூம்புத் துளை), அதிகபட்சம் 2500 ஆர்.பி.எம். எங்கள் பழைய வீட்டுக் கதவுப் பூட்டுகளுக்குப் பித்தளையில் லீவர் செய்யணும், அலுமினியத்தில் சில பிராக்கெட், கொஞ்சம் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) வேலையும் உண்டு. ஆத்தங்குடிக் கல் (சிமென்ட் டைல்) போடுகிற நண்பர் ஒருவர் பூ டிசைன் அச்சு செய்து தர முடியுமா என்கிறார். ஆன்லைனில் 20 கட்டர் இருக்கிற கார்பைடு செட், தங்கக் கலர் கோட்டிங்கோடு, மலிவாக வருகிறது. வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. அந்தக் காசில் நல்ல ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டர் நாலைந்து வாங்குங்கள், மிச்சக் காசில் காலெட் சக் வாங்குங்கள், அதாவது காலெட் என்கிற பிளவுள்ள குழலால் கட்டரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கிற சாதனம்.

கார்பைடு, அதாவது டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த அந்தக் கடினமான பொருள், மட்டமானது என்று சொல்லவில்லை. அது வேலை செய்ய ஒரு வேகம் வேண்டும், ஆட்டமில்லாத மெஷின் வேண்டும், உங்களிடம் இரண்டும் இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். எம்.எஸ்.ஸில் கார்பைடுக்கு நிமிஷத்துக்கு 80 மீட்டராவது வெட்டு வேகம் (பல்லின் விளிம்பு ஓடுகிற வேகம்) வைத்தால்தான் அதற்குக் கொடுத்த காசுக்குப் பலன். ஆர்.பி.எம். வேண்டுமென்றால் வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, கட்டர் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 10 மி.மீ. கட்டருக்கு 2550 வருகிறது, அதாவது உங்கள் மெஷினின் உச்ச வேகம். 6 மி.மீ. என்றால் 4250, எட்டவே எட்டாது. சரி, 10 மி.மீ. கட்டரையே போட்டு முழு வேகத்தில் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். நாலு பல், பல்லுக்கு 0.04 மி.மீ. என்றால் நிமிஷத்துக்கு 400 மி.மீ. ஃபீட் கொடுக்க வேண்டும், அதாவது வெட்டுகிற பொருளை அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும். கைச்சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்துகிறது என்றால் நிமிஷத்துக்கு 200 சுற்று. யார் சுற்றுவது?

அந்த ஃபீட் கொடுக்காமல் மெதுவாகத் தள்ளினால் பல் உலோகத்தை வெட்டாமல் மேலே தேய்த்துக்கொண்டு போகும், சூடேறும், விளிம்பு போகும். கார்பைடு கடினமானதுதான், ஆனால் உடையும் குணமுள்ளது. சின்ன மெஷினில் தலை லேசாக அதிர்ந்தாலே பல்லின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் பொரிந்துவிடும், அப்புறம் அது வெட்டுகிற லட்சணம் ஓசையிலேயே தெரியும்.

ஹெச்.எஸ்.எஸ். இந்த அதிர்ச்சியையெல்லாம் தாங்கும், விளிம்பும் கார்பைடை விடக் கூர்மையாக வரும், கூர் நல்லதாக இருந்தால் மோட்டாருக்கு அழுத்தம் குறைவு. எம்.எஸ்.ஸுக்கு அதன் வெட்டு வேகம் சுமார் 25 மீட்டர். 10 மி.மீ. கட்டருக்கு 800 ஆர்.பி.எம். அதே நாலு பல், அதே 0.04 என்றால் நிமிஷத்துக்கு 128 மி.மீ., கைச்சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்று. மனுஷன் செய்கிற வேலை. இதில் கோபால்ட் கலந்தவையும் கிடைக்கும், எம்35 என்றால் 5 சதவீதம், எம்42 என்றால் 8 சதவீதம். இஎன்8 மாதிரி கொஞ்சம் கடினமான ஸ்டீல் செய்தால் எம்35 வாங்குவதில் அர்த்தம் உண்டு, பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் சாதா ஹெச்.எஸ்.எஸ். போதும். அந்தத் தங்கக் கலர் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, நல்ல கட்டர் மேல் இருந்தால் நல்லது, மட்டமான கட்டர் மேல் இருந்தால் வெறும் கலர்.

இனி எவை என்று பார்ப்போம். முதலில் 6 மி.மீ.யில் இரண்டு பல் ஸ்லாட் ட்ரில் (காடி வெட்டுகிற கட்டர்), இரண்டாக வாங்குங்கள், ஒன்றைப் பித்தளைக்கென்று தனியாக ஒதுக்கி டப்பாவில் எழுதி வைத்துவிடுங்கள். பித்தளைக்குப் புதுக் கூர் வேண்டும், இரும்பைத் தொட்ட கட்டர் பித்தளையில் வழுக்கும், பிசிறு தள்ளும். இரண்டு பல் கட்டரில் ஒரு பல் நடுவரைக்கும் வெட்டும், அதனால் ட்ரில் மாதிரி நேராகக் கீழே இறக்கலாம். நாலு பல் கட்டர்களில் சில அப்படி இறங்காது, நுனியில் நடுவே சின்னக் குழி இருந்தால் இறக்காதீர்கள். அடுத்தது 10 மி.மீ. நாலு பல் ஒன்று, எம்.எஸ்.ஸில் பக்கவாட்டில் சீவ. அப்புறம் 12 மி.மீ.யில் ரஃபிங் கட்டர். விளிம்பெல்லாம் நெளிநெளியாக, பார்த்தால் ஸ்க்ரூ மரை போல இருக்கும். சின்ன மெஷின்காரர்கள் இதை ஏனோ வாங்குவதே இல்லை. சீவலைத் துண்டு துண்டாக்கி எடுப்பதால் அதிர்வு குறையும், 500 வாட் மோட்டார் முனகாமல் வேலை நடக்கும். மேற்பரப்பு கரடாக வரும், அரை மி.மீ. விட்டுவிட்டு 10 மி.மீ. கட்டரால் முடித்துக்கொள்ளலாம்.

லீவர்களின் குறுகிய வெட்டுக்கு 3 மி.மீ. இரண்டு பல் ஒன்றிரண்டு. பித்தளைக்கு 60 மீட்டர் என்று கணக்குப் போட்டால் 3 மி.மீ.க்கு 6000-க்கு மேல் வரும், உங்களிடம் இருப்பது 2500 தானே, அதை முழுசாக வையுங்கள், ஆழம் கால் மி.மீ. மேல் போகாதீர்கள், பொறுமையாக நாலைந்து தடவை போங்கள். 3 மி.மீ. கட்டர் உடையத்தான் செய்யும், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தட்டையாகப் பரப்புச் சீவ, நாலைந்து இன்சர்ட் (கழற்றி மாற்றுகிற பல்) வைத்த 50 மி.மீ. ஃபேஸ் கட்டர் பார்க்க ஆசையாக இருக்கும். விடுங்கள். அதற்குப் பதில் ஃப்ளை கட்டர் ஒன்று, அதில் 8 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். டூல் பிட்டை கிரைண்டரில் சாணை பிடித்து, மூக்கைக் கொஞ்சம் உருண்டையாக்கிப் பொருத்துங்கள். ஒரே பல், விலையும் குறைவு, மழுங்கினால் நீங்களே திரும்பத் தீட்டலாம். 50 மி.மீ. வட்டத்தில் எம்.எஸ்.ஸுக்கு 160 ஆர்.பி.எம்., பித்தளைக்கு 380, ஆழம் 0.2 மி.மீ. மெதுவான வேலைதான், ஆனால் பித்தளைத் தகடு கண்ணாடி போல் வரும்.

கட்டரை விட முக்கியமானது அதைப் பிடிப்பது. மெஷினோடு வந்த ட்ரில் சக்கில் எண்ட்மில்லை (மேலே சொன்ன மில்லிங் கட்டர்களை) மாட்டாதீர்கள், யார் யூட்யூபில் செய்து காட்டினாலும் சரி. ட்ரில் சக் கீழ்நோக்கிய அழுத்தத்துக்கு மட்டும் செய்தது. பக்கவாட்டு விசை வந்தால் கட்டர் மெல்ல வெளியே நழுவி ஜாபை (வெட்டுகிற பொருளை) கிழிக்கும், டேப்பரில் மாட்டியிருக்கும் சக்கே கழன்று விழலாம். எம்.டி.3-க்கு ஈஆர்25 (காலெட்டின் அளவு வகை) காலெட் சக் ஒன்று வாங்குங்கள், 16 மி.மீ. வரை பிடிக்கும். ஈஆர்32 இன்னும் பெரியது, சின்ன மெஷினில் உயரத்தைத் தின்றுவிடும். 6, 10, 12 மூன்று காலெட் இருந்தால் போதும், 15 காலெட் செட் தேவையில்லை. மலிவான 3 மி.மீ. கட்டர்கள் பலவும் 6 மி.மீ. காம்பில் வரும். மாட்டும்போது காலெட்டை முதலில் நட்டுக்குள் கிளிக்கென்று உட்கார வைத்து, அப்புறம்தான் கட்டரைச் சொருக வேண்டும். வெறுமனே சக்கில் போட்டு நட்டை முடுக்கினால் கட்டர் கோணலாக ஓடும், நாலு பல்லில் ஒரே பல் எல்லா வேலையும் செய்யும், அது சீக்கிரம் போகும்.

நீட்டமான கட்டரும் வேண்டாம். வெளியே நீட்டியிருக்கிற நீளம் இரண்டு மடங்கானால் அது வளைவது எட்டு மடங்காகும், விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நண்பரின் ஆத்தங்குடி அச்சை யோசியுங்கள். அந்த அச்சில் கலர் சிமென்ட் ஊற்றுகிற ஒவ்வொரு அறைக்கும் நடுவில் மெல்லிய சுவர் நிற்க வேண்டும், அதுவும் ஆழமாக, வளைந்து வளைந்து. முழுப் பித்தளைக் கட்டியைக் குடைந்து இதை எடுக்க 3 மி.மீ. கட்டரை 20 மி.மீ. நீட்ட வேண்டும், கட்டரும் வளையும், மெல்லிசான சுவரும் விலகிக் கொடுக்கும், பூ இதழ் ஒன்றும் உருப்படியாக வராது, கைச்சக்கரம் இரண்டைச் சேர்த்துச் சுற்றி வளைவு எடுப்பதும் நடக்காத காரியம். பித்தளைப் பட்டையை வளைத்து, பற்றவைத்துச் செய்வதே இதற்குச் சரியான வழி. மில்லிங் மெஷினில் அச்சின் வெளிச்சட்டத்தைச் சதுரமாக்கிக் கொடுங்கள், நண்பருக்கு அதுவே உதவி.

பூட்டு வேலைக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிற பித்தளையை வெட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். அதில் பாதி வார்ப்புப் பித்தளை, உள்ளே மணல் துகள் சிக்கியிருந்தால் புதுக் கட்டர் அன்றைக்கே மழுங்கும். முதலில் அரத்தால் தோலை எடுத்துப் பாருங்கள், அரம் எங்கேயாவது கீச்சென்று வழுக்கினால் அந்தத் துண்டை விடுங்கள். இன்னும் நல்லது, எளிதில் வெட்டுகிற பித்தளைப் பட்டையாகவே கேட்டு வாங்குவது. பித்தளையை உலர வெட்டலாம், எண்ணெய் வேண்டாம், பொடி மட்டும் ஊசி மாதிரித் தெறிக்கும், கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். லீவரில் துளை போடும்போது ட்ரில் பிட் பித்தளையைக் கவ்வி இழுக்கும், அதன் வெட்டு விளிம்பை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தேய்த்துச் சின்னத் தட்டையாக்கிக் கொண்டால் கவ்வாது.

அலுமினியம் கட்டரில் ஒட்டும். அதனால் இரண்டு பல் அல்லது மூன்று பல், சீவல் வெளியேற இடம் வேண்டும், கோட்டிங்கே இல்லாத கட்டர் போதும். அலுமினியம் கலந்த கோட்டிங் போட்ட கட்டரை அதற்கு வாங்கவே கூடாது, இன்னும் மோசமாக ஒட்டிக்கொள்ளும். பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு வையுங்கள், கிடைக்காவிட்டால் டபிள்யூ.டி.40. எம்.எஸ்.ஸுக்குச் சாதாரண கட்டிங் ஆயில்.

கார்பைடு உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு, நீங்கள் கேட்காத இடம்: தேக்கு. பூட்டு உட்கார அந்தக் கதவையோ சட்டத்தையோ கொத்த வேண்டி வரும். பர்மா தேக்கோ நம்மூர்த் தேக்கோ, அதில் சிலிகா இருக்கிறது, ஹெச்.எஸ்.எஸ். விளிம்பைச் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் ஆசாரிகள் கார்பைடு நுனி வைத்த பிட்டைத்தான் எடுப்பார்கள். ஆனால் அது ரவுட்டர் வேலை, 20,000 ஆர்.பி.எம். பக்கம் ஓடுகிற மெஷின். 2500-இல் மரம் பிய்ந்து வரும். மரத்தை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.

ஃபீட் திசை பற்றி ஒன்று. செகண்ட் ஹேண்ட் மெஷினில் ஸ்க்ரூவில் பேக்லாஷ் (மரையில் தளர்வான இடைவெளி) இருக்கும், எவ்வளவு என்று கைச்சக்கரத்தை இப்படி அப்படித் திருப்பிப் பாருங்கள். கட்டர் பல் ஜாபைத் தன் பக்கம் இழுக்கிற திசையில் தள்ளினால் அந்த இடைவெளி அளவுக்கு மேசை திடீரென்று முன்னே பாயும், சின்ன கட்டர் அதிலேயே உடையும். எப்போதும் பல்லுக்கு எதிராகத் தள்ளுங்கள். மேசையைத் தள்ளாத திசையைப் பூட்டிவிடுங்கள், மேசையில் அந்த லாக் ஸ்க்ரூ எதற்கு இருக்கிறது என்று தெரியாமலே பலர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். 6 மி.மீ. காடி வேண்டுமென்றால் 6 மி.மீ. கட்டரால் ஒரேயடியாக வெட்டாதீர்கள், கொஞ்சம் அகலமாகத்தான் வரும், 5 மி.மீ. கட்டரால் நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் சீவிச் சரியளவுக்குக் கொண்டுவாருங்கள். வெயிலுக்குத் தோளில் துண்டு போட்டிருப்போம், வேஷ்டி மடித்துக் கட்டியிருப்போம், மெஷின் பக்கம் போகும்போது துண்டைக் கழற்றி எங்கேயாவது மாட்டிவிட்டுப் போங்கள், பேண்ட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு, நம் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ட்ரில் பிட் தாராளமாகக் கிடைக்கும், எண்ட்மில்லுக்கு மதுரையோ திருச்சியோ போக வேண்டி வரலாம், இல்லாவிட்டால் கோயம்புத்தூர்க் கடையில் சொல்லிக் கூரியரில் வரவழைக்கலாம். அடிசன், மிராண்டா, டோட்டம் என்று கேளுங்கள், மூன்றும் நம் நாட்டுப் பெயர்கள், ஹெச்.எஸ்.எஸ்.ஸில் நம்பலாம். மெட்ரிக் காம்பா என்று பார்த்து வாங்குங்கள், கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ., 6 மி.மீ. காலெட்டில் போகாது. காலெட் சக்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் மெஷினின் மேலிருந்து வந்து சக்கை இழுத்துப் பிடிக்கிற டிரா பார் போல்ட்டைக் கழற்றி அதன் மரையை அளந்துகொள்ளுங்கள், எம்12 மரையும் உண்டு, 3/8 அங்குல மரையும் உண்டு, சக்கின் பின்பக்க மரை அதோடு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புகிற கூரியர் செலவு உங்கள் தலையில்தான்.