பெண்ணுக்கு இயல்பு, ஆணுக்கு இயல்பு: உளவியல் கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாசம் கும்பகோணத்தில். ஆண், பெண் மனம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஜாதகப் பொருத்தம், சொத்து வழக்கு, மாமியார் மீது புகார் ஆகியவை வேண்டாம். ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆய்வுகள் தருவது சராசரி. அந்தச் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெண்ணை எடை போடாதீர்கள்.

மயிலாடுதுறை வாசகர்: பெண்கள் ஒரு நாளைக்கு 20,000 சொற்களும் ஆண்கள் 7,000 சொற்களும் பேசுவதாகப் படித்தேன். உண்மையா, மேடம்?

அந்தக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 மாணவ மாணவியர் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை உடன் வைத்துக்கொண்டு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்ததில் இரு பாலாருக்கும் நாளொன்றுக்குச் சுமார் 16,000 சொற்கள். 2025இல் 2,000 பேருக்கு மேல் வைத்து மறுபடி பார்த்தபோது, 25 முதல் 64 வயதுக்குள் மட்டும் பெண்கள் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசியது தெரிந்தது. பிள்ளை வளர்க்கும் வயது அது. அந்த ஆய்விலேயே நாள் முழுக்க 100 சொல்கூடப் பேசாதவரும் இருந்தார், ஒரு லட்சத்தைத் தாண்டியவரும் இருந்தார். எங்கள் தெரு டீக்கடை விடியற்காலையில் திறந்துவிடும். பெஞ்சில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அங்கே அந்தக் கருவியை வைத்தால் பேட்டரி தாங்காது.

பாபநாசம் வாசகர்: ஆணின் மூளை பெரியது என்பது அறிவியல்தானே?

சராசரியாகப் பத்து விழுக்காடு அளவுக்குப் பெரியது. உடலும் பெரியது. புத்திக் கூர்மைச் சோதனைகளில் அதற்கேற்ற இடைவெளி எதுவும் இல்லை. 2015இல் நரம்பியல் ஆய்வாளர் டாப்னா ஜோயல் குழுவினர் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பகுதியும் ‘ஆண் பக்கம்’ அல்லது ‘பெண் பக்கம்’ என ஒரே பக்கமாகச் சாய்ந்த மூளைகள் மிகச் சில. பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை. எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மூளை ஆணுடையதா, பெண்ணுடையதா என்று கணினி பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டும் உண்மை. கணினி அப்படிச் சொல்லிவிடுவதால் அந்த ஆள் எப்படி யோசிப்பார் என்பது தெரிந்துவிடாது.

தஞ்சாவூர் வாசகி: மகள் பத்தாம் வகுப்பு. கணக்கில் பின்தங்குகிறாள். “பெண் பிள்ளைக்குக் கணக்கு அவ்வளவுதான் வரும்” என்கிறார் மாமனார். அவர் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

இல்லை. அமெரிக்காவில் இரண்டாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை உளவியலாளர் ஜேனட் ஹைடு குழுவினர் 2008இல் அலசினார்கள். ஆண், பெண் இடைவெளி கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஒரு திறனில் மட்டும் இடைவெளி பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒரு பொருளை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்க்கும் திறன் அது. அதில் ஆண்களின் சராசரி உயர்வு. இதை வைத்துத்தான் “பார்த்தீர்களா, இயற்கை” என்பார்கள். இதுபோல இடம், வடிவம் சார்ந்த திறனுக்கு நம் நாட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்தது. வடகிழக்கில் அருகருகே வாழும் இரண்டு பழங்குடிகள். காசி மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகும். கார்பி மக்களிடம் மகனுக்கு. துண்டுகளைச் சேர்த்துப் படம் உருவாக்கும் ஒரு புதிரைச் சுமார் 1,300 பேரிடம் கொடுத்தார்கள். கார்பிகளில் ஆண்கள் முந்தினார்கள். காசிகளில் இடைவெளியே இல்லை. 2011இல் வெளியான ஆய்வு இது. எல்லாவற்றுக்கும் வளர்ப்பே காரணம் என்று இந்த ஒன்றை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் “இயற்கை” என்று சொல்வதற்கு முன் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறது.

எந்தப் பாடத்தில் மகள் விட்டுவிட்டாள் என்று கணக்கு ஆசிரியரிடம் கேளுங்கள். மாமனாரிடம் கேட்க வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டை வாசகர்: பெண் மனம் கடலைவிட ஆழம் என்பது பற்றி?

இந்தக் கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. அந்தப் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்.

கும்பகோணம் வாசகி: மாதவிலக்கு நாட்களில் பெண்ணுக்கு மூளை மந்தம் என்று அலுவலகத்தில் பேசுகிறார்கள்.

1914இலேயே தீர்ந்த விஷயம். லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் பெண்களை நாள் தவறாமல் சோதித்தார். அந்த நாட்களில் கைத்திறனும் அறிவுத்திறனும் குறைந்ததற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. வலி வேறு. சிலருக்கு அதற்கு முந்தைய நாட்களில் கடும் மனச்சோர்வு வரும். அதற்கு மருத்துவம் உண்டு, பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நீடாமங்கலம் விவசாயி: எனக்குப் பதினைந்து மா நிலம் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து நடவு பெண்கள்தான். குனிந்து நிற்கும் பொறுமையும் விரல் பதமும் பெண்ணுக்குப் பிறவியிலேயே வருகின்றன. இதை எந்த ஆராய்ச்சி மாற்றும்?

வாருங்கள் ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்திருந்தேன். முதலில் விரல். துளைப் பலகையில் சிறு ஊசிகளைச் செருகும் சோதனையில் பெண்கள் முந்துவது வழக்கம். 1990இல் சிலர் விரல் பருமனையும் அளந்து கணக்கில் சேர்த்தார்கள். இடைவெளி மறைந்துவிட்டது. பொறுமைக்கு வருகிறேன். உங்கள் வயலில் நாற்றுக் கட்டைச் சுமந்து வருவதும் வரப்பு வெட்டுவதும் ஆண்கள். முதுகு வளைத்து நடுவது பெண்கள். இருவருக்கும் கூலி ஒன்றா?

திருத்துறைப்பூண்டி வாசகி: நான் சொல்கிறேன், டீச்சர். என் அம்மா நடவு ஆள். இடக்கையில் நாற்று முடி. வலக்கைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் மூன்று நான்கு நாற்றைப் பிரித்து எடுத்துச் சேற்றில் ஊன்றும். அப்படியே பின்னால் ஓர் அடி. நகத்தடியிலும் கால் விரல் இடுக்கிலும் சேற்றுப்புண். இரவில் மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொள்வார்கள். பொறுமை பிறவியிலேயே வந்ததாக எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆண் ஆளுக்குக் கொடுத்த கூலியை அம்மாவுக்குக் கொடுத்ததும் இல்லை.

நீடாமங்கலம்: கூலி வேறு, இயல்பு வேறு. ஆணை இறக்கினால் அரை நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவான்.

வலங்கைமான் வாசகர்: எங்கள் ஊரில் மேற்கு வங்க ஆட்கள் வந்து நடுகிறார்கள். எல்லாரும் ஆண்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு இறங்கினால் நம் ஆட்களைவிடச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள்.

நீடாமங்கலம்: அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

நன்றி ஐயா. நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வங்காளத்து ஆண் நட்டால் பழக்கம், மன்னார்குடிப் பெண் நட்டால் பிறவியா? இன்னொன்று. நடவு இயந்திரம் வந்த பிறகு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவது யார்? குனிய வேண்டியிருந்தவரை பெண்ணுக்கு இயல்பாக இருந்த வேலை, இருக்கை வந்ததும் ஆணுக்கு இயல்பாகிவிட்டது. தாத்தா காலத்து இயல்பு இவ்வளவு வேகமாகக் கை மாறினால் அதை இயல்பு என்று எப்படி நம்புவது?

நீடாமங்கலம்: அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே இல்லை என்கிறீர்களா?

நான் சொல்லவே இல்லை. அடிதடியில் ஆண்கள் முன்னால் நிற்கிறார்கள். இது எங்கும் காணப்படுவது. தோள் வலிமையில் இடைவெளி மிகப் பெரிது. மனச்சோர்வு நோய் பருவ வயதிலிருந்து பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. தற்கொலையில் உயிரிழப்போர் ஆண்களே அதிகம். 2005இல் ஜேனட் ஹைடு 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக்கிய ஆய்வுகளை, சேர்த்துப் பார்த்தார். ஆண், பெண் வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவை அல்லது கிட்டத்தட்ட இல்லாதவை. மீதியை யாரும் மறைக்கவில்லை. எதில், எவ்வளவு என்று அளந்து பேசுங்கள் என்கிறேன். சராசரியை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

நாகப்பட்டினம் வாசகி: கணவர் சில மாதங்களாக யாரிடமும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, எரிந்து விழுகிறார். ஆண்கள் அப்படித்தான் என்கிறார்கள் வீட்டில்.

அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், அம்மா. ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் கோபமாக வெளிப்படும்; அதனாலேயே கவனிக்காமல் போகிறார்கள். அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையை நீங்கள் அழைத்துப் பேசலாம். கட்டணம் இல்லை. மற்ற கேள்விகளுக்கு முன் இதைச் செய்யுங்கள்.

மன்னார்குடி வாசகர்: கைக்குழந்தையிலேயே பெண் பயந்த சுபாவம், ஆண் முரடு. கண்ணால் பார்க்கிறோமே?

1976இல் ஓர் ஆய்வில் ஒரே குழந்தையின் ஒரே படக்காட்சியைப் பலருக்குக் காட்டினார்கள். பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி வந்ததும் குழந்தை வீறிடுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் “கோபம்” என்றார்கள். பெண் என்று சொல்லப்பட்டவர்கள் “பயம்” என்றார்கள். கண்ணால் பார்த்ததன் லட்சணம் இது.

திருவாரூர் வாசகர்: தலைமை தாங்குவது பெண்ணுக்கு இயல்பாக வருமா?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இதைக் கேட்பதா? வேட்டி கட்டி, தலைமுடியை வெட்டிக்கொண்டு பண்ணையாட்களைத் திரட்டிய மணலூர் மணியம்மையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

சீர்காழி வாசகர்: ‘பெண் புத்தி பின் புத்தி’ என்பதற்கு நல்ல பொருளும் உண்டாமே?

தமிழாசிரியரிடம் போங்கள்.

ஒரத்தநாடு வாசகர்: மொத்தத்தில் யாருக்கு அறிவு அதிகம்?

பாபநாசத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

திருத்துறைப்பூண்டி வாசகி: டீச்சர், நடவு இயந்திரம் ஓட்டப் பெண்களுக்குக் கற்றுத் தருவார்களா? இயந்திர நடவுக்கான பாய் நாற்றங்கால் போடுவதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

என் துறை இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள். சம்பாவுக்கு நாற்று விடுவதற்குள் போய்விடுங்கள்.

நீடாமங்கலம்: கற்றுக்கொண்டால் என் வயலில் வந்து ஓட்டிக் காட்டட்டும், பார்க்கலாம்.

கூலி எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள், ஐயா.